சுவரில் உதிர்ந்துபோன செங்கல்லை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்தில் பழைய வீடுகளுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் என்னைத் தேடுவதில்லை. "சுவர் உதிருதுங்க, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். போகிற இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பூச்சு மட்டும் உதிருதா, கல்லே கெட்டுப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

சுத்தியல் பிடியால் பூச்சின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். விட்டுப்போன இடத்தில் 'டொப் டொப்' என்று கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் கல்லை ஆணியால் கீறிப் பாருங்கள். நல்ல கல்லில் ஆணி வழுக்கிக்கொண்டு போகும். கெட்ட கல்லில் ஆணி இறங்கும், சிவப்பு மாவு கொட்டும்.

கல்லின் முகம் அரை அங்குலம்தான் போயிருக்கிறது, உள்ளே கெட்டியாக இருக்கிறது என்றால் மாற்ற வேண்டாம். தளர்ந்ததைச் சுரண்டிவிட்டு, புதுப் பூச்சு பூசும்போதே அந்தக் குழியை இரண்டு தடவையாக நிரப்பிவிடலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் போயிருந்தாலோ, கையால் அசைத்தால் கல் ஆடினாலோ மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், அது வீட்டுக்காரரின் பொறுமையைப் பொறுத்தது.

சுட்ட கல்லுதானே, ஏன் மாவா உதிரணும்? வீடு கட்டி இருபது வருஷம்கூட ஆகலை.

காரணம் உப்பு. அதைத் தூக்கிக்கொண்டு வருவது தண்ணீர். செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை தரையிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கும். மண்ணிலும் கலவை மணலிலும் இருக்கும் உப்பு அந்த ஈரத்தில் கரைந்து கூடவே ஏறும். சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் துளைக்குள் தங்கிப் படிகமாக வளரும். வளருகிற படிகம் துளையின் சுவரைத் தள்ளும். மழைக்காலத்தில் கரைவதும் வெயிலில் மறுபடி படிகமாவதுமாக இது வருடக்கணக்கில் நடக்கும்போது கல்லின் முகம் பொடிப்பொடியாகக் கழன்றுவிடுகிறது. நன்றாக வேகாத கல்லாக இருந்தால் இன்னும் சீக்கிரம். கடலோர ஊர்களில் கல் உதிர்வது அதிகமாக இருப்பதற்கும் உப்புதான் காரணம்.

கணுக்காலிலிருந்து இடுப்பு உயரத்துக்குள் உதிர்ந்தால் பெரும்பாலும் தரை ஈரம். அதற்கு மேலே எங்காவது திட்டாக உதிர்ந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: சுவருக்குப் பின்னால் குளியலறை, உள்ளே ஓடும் குழாயில் கசிவு, சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல், மாடித் தண்ணீர் இறங்கும் பைப்பின் உடைந்த முழங்கை. என் அனுபவத்தில் அந்த முழங்கைதான் பல நேரம் குற்றவாளி.

சுவர் பூராவும் நல்லா இருக்கு. ஒரே ஒரு கல்லு மட்டும் பட்டுனு வெடிச்சுக் குழியாயிருக்கே?

குழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சுக்கான், அதாவது மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கல். செங்கல் அறுத்த மண்ணில் சுக்கான் கல் கலந்திருந்தால், சூளையில் வேகும்போது அது நீற்றாத சுண்ணாம்பாக மாறிவிடும். பிறகு என்றைக்காவது ஈரம் பட்டால் நீறிப் பருக்கும், கல்லைப் பிளந்துவிடும். உப்பைப் போல இது பக்கத்துக் கல்லுக்குப் பரவாது. அந்த ஒரு கல்லை மாற்றினால் போதும்.

இதை நானே செய்யலாமா, ஆள் கூப்பிடணுமா?

கையில் கொஞ்சம் வேலை ஓடும் என்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து கல் மாற்றுவது நீங்களே செய்யக்கூடியதுதான். காம்பவுண்டு சுவர், கொல்லைச் சுவர், திண்ணையின் முகப்பு இவற்றில் தொடங்கிப் பழகுங்கள்.

சில இடங்களில் கை வைக்காதீர்கள். ஜன்னல், வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டல் உட்காரும் கற்கள், உத்திரமோ பீமோ ஏறி நிற்கும் இடம், வீட்டின் மூலைகள், வளைவுக்கட்டு ஆகியவை அனுபவமுள்ள கொத்தனார் முட்டுக் கொடுத்துச் செய்ய வேண்டியவை. சுவர் வெளியே உப்பி நின்றாலும் அப்படித்தான். அங்கே கொத்தனாருக்கும் முன்னால் ஒரு இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்.

கல்லை உருவினா மேலே இருக்கற சுவர் விழுந்துடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். ஒரு கல்லை எடுத்தால் விழாது. கற்கள் ஒன்றின் மேல் ஒன்று இடுக்கு மாறி மாறி உட்கார்ந்திருப்பதால், மேலே உள்ள பாரம் அந்த ஓட்டையின் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். ஓட்டைக்கு நேர் மேலே கூம்பு மாதிரி ஒரு சின்ன முக்கோண அளவுச் சுவர்தான் தாங்கலில்லாமல் நிற்கும். அதையும் கலவையின் பிடிப்பு கொஞ்ச நேரம் தாங்கும்.

ஆனால் அகலம் கூடக் கூட அந்த முக்கோணமும் பெரிதாகும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கல்லை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்து, அடுத்த இரண்டை விட்டு, நாலாவதை எடுங்கள். வைத்ததெல்லாம் இறுகிய பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, விட்டுவைத்ததற்கு வாருங்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னென்ன சாமான் வேணும்?

தட்டையான அகல உளி ஒன்று, ஒல்லியான உளி ஒன்று, சுத்தியல், கரண்டி, கலவைச் சட்டி, ரசமட்டம், கம்பி பிரஷ், தண்ணீர் தெளிக்க ஒரு மக். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். செங்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சுவருக்குள் வயர் ஓடுகிறதா என்று தெரியாவிட்டால் மெயினை அணைத்துவிட்டு உளி பிடியுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும்தான் பெரும்பாலும் பைப் ஓடும்.

பழைய கல்லை எடுக்கப் போனா பக்கத்துக் கல்லும் சேர்ந்து உடையுதே?

கல்லின் நடுவில் அடிக்கத் தொடங்குவதால் வருவது இது. முதலில் கல்லைத் தொடவே தொடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள நாலு இடுக்கிலும் இருக்கும் கலவையை ஒல்லி உளியால் கொத்தி எடுங்கள். கலவை கெட்டியாக இருந்தால் இடுக்கின் நடுவே வரிசையாகத் துளை போட்டுவிட்டுக் கொத்தினால் சுலபம். சுற்றிலும் விடுபட்ட பிறகு கல்லை உடையுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு. இப்போது அதிர்ச்சி பக்கத்துக் கல்லுக்குப் போகாது.

கிரைண்டர் வைத்து இடுக்கை அறுப்பவர்கள் உண்டு. வேகம்தான், ஆனால் கை கொஞ்சம் தவறினாலும் மேல் கல்லில் வெட்டு விழும், வீடு முழுக்கத் தூசு. பழைய சுண்ணாம்புக் கட்டுக்கு அது தேவையே இல்லை. உளியை வைத்து நெம்பினாலே போதும். கல் வந்த பிறகு குழியின் நாலு பக்கமும் ஒட்டியிருக்கும் பழைய கலவையைச் சுரண்டி, பிரஷால் தூசைத் துடைத்துவிடுங்கள். தூசின் மேல் வைத்த கலவை ஒட்டாது.

எங்க வீட்டுக் கல்லு சைஸ் இப்ப எங்கயும் கிடைக்கலையே?

கிடைக்காதுதான். நாட்டுச் செங்கல் பொதுவாக ஒன்பது அங்குலம், நாலரை, மூன்று என்று பேச்சு வழக்கில் சொல்வோம். சூளைக்குச் சூளை கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். இந்தியத் தர அமைப்பின் அளவுப்படி வருவது 190 மில்லிமீட்டர் நீளம், அகலமும் உயரமும் 90. பழைய வீடுகளில் இதைவிட மெல்லிய கற்களும் உண்டு. மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிப் போடும் பழைய மாடித் தளம்) குத்துவாட்டில் அடுக்கும் கல் ஒரு அங்குலக் கனம்தான் இருக்கும்.

முதலில் உங்கள் ஊரிலேயே இடிக்கிற பழைய வீடு இருக்கிறதா பாருங்கள். அந்தக் கல் அளவிலும் குணத்திலும் ஒத்துப்போகும், விலையும் கம்மி. உப்பு ஏறிய அடிவரிசைக் கல்லை மட்டும் வாங்காதீர்கள். அது கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய கல்லை வாங்கி வெட்டிக்கொள்ளலாம். கல் சின்னதாக இருந்தால், கலவையைத் தடிமனாகப் போட்டு நிரப்பாமல், உடைந்த ஓட்டுச் சில்லைக் கலவைக்குள் பதித்து ஈடுகட்டுங்கள். வெறும் கலவை முக்கால் அங்குலத்தைத் தாண்டினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும்.

புதுக் கல்லு நல்ல கல்லான்னு கடையில எப்படிப் பார்க்கறது?

இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மார்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக்கூடாது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்போ வெள்ளைப் புள்ளியோ இல்லாமல் ஒரே நிறமாக இருக்க வேண்டும் (வெள்ளைப் புள்ளி என்னவென்று மேலே சுக்கான் கேள்வியில் சொல்லிவிட்டேன்). அப்புறம் ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கல்லுக்கு எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது தரக் கணக்கு. மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அந்த லோடு வேண்டாம்.

கல்லை ஊறப்போடணுமா, தெளிச்சாப் போதுமா?

சுட்ட செங்கல் என்றால் வாளியில் முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். பிறகு எடுத்து, மேலே பளபளவென்று நிற்கும் தண்ணீர் உள்ளே இழுத்த பிறகு வையுங்கள். காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் வெறும் பொடியாக நிற்கும். சுவரில் உள்ள குழியையும் நனைக்க மறக்காதீர்கள். பலரும் புதுக் கல்லை மட்டும் நனைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

சாம்பல் கல் (ஃபிளை ஆஷ்) என்றால் ஊறப்போட வேண்டாம், தெளித்தால் போதும். லேசான ஏஏசி பிளாக்குக்கும் (உள்ளே காற்றுக் குமிழி உள்ள கான்கிரீட் கல்) அதேதான். ஆனால் செங்கல் சுவரின் நடுவே இந்தக் கற்களைச் செருகுவதை நான் செய்வதில்லை. இரண்டும் ஈரம் இழுப்பதும் சுருங்குவதும் வேறு வேறு மாதிரி, பூச்சில் அந்த இடம் மட்டும் கட்டமாக விரிசல் காட்டும்.

கலவை என்ன விகிதம்? ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு சிமெண்ட்டைக் கூடப் போடலாமா?

சிமெண்ட்டால் கட்டிய சுவர் என்றால், ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல். நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நாலு. எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் சல்லடையில் சலித்துவிடுங்கள். கடற்கரை மணலைக் கண்ணாலும் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணிக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பழைய தோசை மாவில் தண்ணீர் விடுவது மாதிரி இல்லை, அது பிறகு பிடிக்கவே பிடிக்காது.

சிமெண்ட்டைக் கூடப் போடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தப்பு இது. ஒரு பழைய வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒன்பது கல்லை மாற்றினேன். வீட்டுக்காரர் "இனிமே அசையக் கூடாது தம்பி" என்றதும் ஒன்றுக்கு மூன்று போட்டு இரும்பு மாதிரி வைத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கூப்பிட்டார். நான் வைத்த ஒன்பது கல்லும் அப்படியே நின்றன. அவற்றைச் சுற்றியிருந்த கற்கள் வட்டம் போட்ட மாதிரி உதிர்ந்திருந்தன. என் கலவை வழியாக ஈரம் வெளியேற முடியாமல் பக்கத்திலிருந்த மெத்துக் கல் வழியாக வெளியேறியிருக்கிறது. சுவர் வெயிலில் விரிந்து சுருங்கும்போதும் விட்டுக்கொடுக்க வேண்டியது கலவை. கலவை விட்டுக்கொடுக்காவிட்டால் கல் உடையும். கலவையை எப்போது வேண்டுமானாலும் சுரண்டிப் புதிதாக வைக்கலாம், கல்லை அப்படிச் செய்ய முடியாது. அந்தச் சுவரை என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன்.

எங்க தாத்தா கட்டின வீடு. சுண்ணாம்பா சிமெண்ட்டான்னே தெரியலை. என்ன கலவை போடறது?

இடுக்கைச் சாவியால் சுரண்டுங்கள். வெள்ளையாகவோ இளம் சிவப்பாகவோ பொடி வந்து, நடுநடுவே அரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக, சாவி வழுக்கினால் சிமெண்ட்.

சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் போட வேண்டும். ஏன் என்பதற்கு மேலே என் ஒன்பது கல் கதையே சாட்சி. நன்றாக நீற்றிப் பல நாள் தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஈரமான இடம் என்றால் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் தூளை, அதாவது சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் ஊர்ப் பழக்கம். சேர்க்கத் தெரிந்த பெரியவர் கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: சுண்ணாம்பு அவசரப்படாது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் அது கல்லாகிறது. வாரக்கணக்கில் ஆகும்.

கல்லை உள்ள தள்ளிட்டேன், ஆனா மேல் இடுக்குல கலவை போக மாட்டேங்குது.

கல்லை வைத்த பிறகு கலவையைத் திணிப்பதால் வரும் சிக்கல். குழியின் அடியிலும் உள்முகத்திலும் கலவையைப் போடுங்கள். கல்லின் மேல் முகத்திலும் இரண்டு பக்கத்திலும் கலவையை அப்பிக்கொண்டு, கரண்டியின் மேல் வைத்துக் குழிக்குள் வழுக்கிவிடுங்கள். கொஞ்சம் கலவை முன்னால் பிதுங்கினால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். மீதி இடைவெளியில் கெட்டியான கலவையை மெல்லிய பட்டைக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி இறக்குங்கள். மேல் இடுக்கில் இரண்டு ஓட்டுச் சில்லை ஆப்பு மாதிரி இறுக்கினால் மேல் பாரம் கல்லின் மேல் உடனே உட்காரும். இந்த மேல் இடுக்கு காலியாக இருந்தால் நீங்கள் வைத்தது சும்மா இடத்தை அடைக்கும் கல், சுவரைத் தாங்கும் கல் இல்லை.

எத்தனை நாள் தண்ணி ஊத்தணும்? பூச்சு எப்ப?

சிமெண்ட் என்றால் ஏழு நாள், காலையும் மாலையும். குழாயை நேராகப் பீய்ச்சாமல் தெளியுங்கள். பத்து நாள் கழித்துப் பூசலாம். சுண்ணாம்பு என்றால் ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சுக்கு மூன்று நாலு வாரம் பொறுங்கள். சித்திரை, வைகாசியில் சுண்ணாம்பு வேலையை நான் எடுப்பதில்லை.

எல்லாம் சரியா செஞ்சோம். ரெண்டே வருஷத்துல மறுபடி உப்புப் பூத்திருக்கே?

தண்ணீர் வரும் வழி அடைபடவில்லை என்று அர்த்தம். கல் மாற்றுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. பூச்சு உள்ள இடத்தில் ஒரு முழம் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

பிறகு வெளியே போய்த் தரை மட்டத்தைப் பாருங்கள். ஈரம் ஏறாமல் தடுக்க அடித்தளத்துக்கு மேலே ஒரு தடுப்பு அடுக்கு போட்டிருப்பார்கள். வெளித்தரை அதற்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். தெருவை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு, வாசலையும் சிமெண்ட் போட்டு உயர்த்திவிட்டால் தடுப்பு மண்ணுக்குள் போய்விடும். நான் பார்த்த உப்புச் சுவர்களில் பாதிக்குக் காரணம் இதுதான். சுவரை ஒட்டிய மண்ணை எடுத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தாலே பல வீடுகளில் சுவர் காய்ந்துவிடுகிறது. தடுப்பே இல்லாத பழைய வீடாக இருந்தால், சுவரில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தடுப்பு மருந்து இறக்கும் முறை இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் பெருக்கி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சாப் போதும்னு கடையில சொன்னாங்களே?

வெளியிலிருந்து அடிக்கும் மழைச்சாரலுக்கு அது உதவும். கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு அடித்தால், மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் இரண்டடி மேலே போய் உதிர்க்கும். சுவரில் டைல்ஸ் ஒட்டி மறைப்பதும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், டைல்ஸ் விழும்வரை உங்களுக்குத் தெரியாது.

விரிசல் இடுக்கு வழியாப் போகாம கல்லையே ரெண்டா அறுத்துக்கிட்டுப் போகுது. அந்தக் கல்லை மட்டும் மாத்தினாப் போதுமா?

அவசரப்படாதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி அதன் மேலும் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கோடு அப்படியே இருந்து, அப்பியது உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், கல்லை மாற்றிக்கொள்ளலாம். உடைந்தால் அடித்தளம் நகர்கிறது. களிமண் பூமியில் இது சகஜம். அப்போது கல் மாற்றுவது வீண் செலவு, முதலில் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். விரிசலில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். எங்க பக்கம் மட்டும் மாத்திக்கலாமா?

ஒன்பது அங்குலச் சுவரில் சில கல் நீளவாட்டில் இருக்கும், சில குறுக்குவாட்டில் இருக்கும். குறுக்குக் கல்லை உருவினால் அவர்கள் பூச்சும் சேர்ந்து வரும். அதனால் முதலில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்கள் பக்கம் போய் ஒரு பார்வை பாருங்கள். அங்கே சுவரை ஒட்டித் தொட்டி கட்டியிருப்பார்கள், உங்கள் சுவரின் ஈரம் அங்கிருந்து வருவதாக இருக்கும். போன தையில் ஒரு வீட்டில் அப்படித்தான். நாங்கள் உளியை எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா துவைக்கிற கல்லை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.